பாக்கி நோட்டும் எஸ்.எஸ்.டி.யும்

காசிமேட்டில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு பலகை அடித்திருக்கும். பாக்கி நோட்டுகளுக்கு அதுதான் இடம். பத்து நோட்டு வைக்கலாம். பதினொன்றாவதை வைத்தால் சாமி படத்தில் இடிக்கும். தெருவே அப்பாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அண்ணாச்சி கடையில் கடனுக்கு வாங்காத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு.

அந்த நோட்டுகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதிய வரியை அழிக்கக் கூடாது. தொகை மாறினால் பழைய வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, அடுத்த காலி வரியில் புதிதாக எழுத வேண்டும். வெள்ளை மை தடவித் திருத்தினால் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்பது அப்பாவின் கணக்கு. பாக்கி தீர்ந்தாலும் அப்படியே, ஒரு சிவப்புக் கோடு. ஆக, ஒரு நோட்டு நிரம்பி முடியும்போது அதில் பாதி வரிகள் செத்தவை, பாதி வரிகள் உயிருள்ளவை. பலகையில் இடம் தீர்ந்துவிட்டால் ஞாயிறு இரவு கடையைச் சாத்திய பிறகு வேலை தொடங்கும். அடிக்கப்படாத வரிகளை நான் வாசிப்பேன், அப்பா புது நோட்டில் எழுதுவார். யாருடைய கணக்கு எந்த நோட்டில், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு சின்ன டைரியில் குறித்திருப்பார். வரி இடம் மாறியதும் டைரியையும் திருத்துவார். எல்லாம் முடிந்ததும் பழைய நோட்டைக் கிழித்துக் கல்லாவுக்குக் கீழே போட்டுவிடுவார். மறுநாளிலிருந்து கடுகும் சீரகமும் அந்தத் தாள்களில்தான் பொட்டலமாகும்.

இன்று என் பிழைப்பு கணினிச் சேமிப்பகங்களோடுதான். கார்பேஜ் கலெக்‌ஷன் என்றால் என்ன, அதை ஏன் திறமையாகச் செய்ய வேண்டும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டால், சிப்பைப் பற்றிப் பேசும் முன் இந்தப் பலகையைப் பற்றித்தான் சொல்வேன். ஏனென்றால் நடப்பது ஏறக்குறைய அதேதான்.

உங்கள் மடிக்கணினியில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பவை நாண்ட் வகை ஃபிளாஷ் சிப்கள். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகாவும் அவருடைய குழுவினரும் 1987இல் அறிவித்த தொழில்நுட்பம். இந்தச் சிப்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எழுதுவது ஓர் அளவில் நடக்கும், அழிப்பது வேறோர் அளவில் நடக்கும். எழுதும் அலகுக்குப் பக்கம் என்று பெயர். பெரும்பாலும் 4 முதல் 16 கிலோபைட் வரை இருக்கும். அழிக்கும் அலகுக்கு பிளாக் என்று பெயர். நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தது ஒரு பிளாக், சில மெகாபைட் அளவுக்கு வரும். ஒருமுறை எழுதிய பக்கத்தின் மீது மறுபடி எழுத முடியாது. அந்தப் பக்கம் வெறுமையாக வேண்டுமென்றால் அது இருக்கும் பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும்.

அதனால் நீங்கள் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது, எஸ்.எஸ்.டி. பழைய இடத்தைத் தொடுவதே இல்லை. புதிய வடிவத்தை வேறொரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழைய பக்கத்தைச் செத்தது என்று குறித்துக்கொள்கிறது. சிவப்புக் கோடு. கோப்பின் எந்தப் பகுதி எந்த பிளாக்கில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓர் அட்டவணையும் வைத்திருக்கிறது. அதுதான் சின்ன டைரி. காலிப் பக்கங்கள் குறைந்துவிட்டால், ஏதாவது ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் உயிருள்ள பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்து எழுதிவிட்டு, பிளாக்கை முழுதாக அழிக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை இரவு வேலைக்குத்தான் கார்பேஜ் கலெக்‌ஷன் என்று பெயர். இனி குப்பை அள்ளுதல் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஒப்புமை ஓரிடத்தில் உடையும். அப்பா பழைய நோட்டைக் கிழித்துவிட்டுக் கடைத்தெருவில் புது நோட்டு வாங்கினார். எஸ்.எஸ்.டி.க்குப் புது நோட்டு கிடைக்காது. உள்ள நோட்டுகளையே கழுவிக் காயவைத்து மறுபடி எழுத வேண்டும், ஒவ்வொரு கழுவலிலும் தாள் கொஞ்சம் நைந்துபோகும். சிப்பின் மிகச் சிறிய சேமிப்பு அறைக்குச் செல் என்று பெயர்; ஒரு செல்லில் ஒரே பிட் வைக்கும் பழைய ரகச் சிப் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அழிப்பைத் தாங்கும். மூன்று பிட் திணிக்கும் இன்றைய ரகம் சில ஆயிரம் முறைக்குள்தான் தாங்கும். நான்கு பிட் ரகம் அதிலும் குறைவு. விலை இறங்க இறங்க ஆயுளும் இறங்கியது. ஆகவே தேவையில்லாமல் பெயர்த்து எழுதும் ஒவ்வொரு வரியும் நேரத்தையும் தின்கிறது, சிப்பின் ஆயுளையும் தின்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நிரல் எழுதுபவர்கள் நினைவகக் குப்பை அள்ளுதலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். லிஸ்ப் என்ற நிரல்மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1960 வாக்கில் எழுதியது அது. அங்கே உள்ள சிக்கல், எது குப்பை என்று கண்டுபிடிப்பது. சேமிப்பகத்தில் எது குப்பை என்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம், கோடு அடித்தாகிவிட்டது. இங்கே உள்ள சிக்கல், குப்பையும் நல்லதும் ஒரே நோட்டில் கலந்து கிடப்பது.

அந்தக் கலப்புக்கு என்ன விலை என்று பார்ப்போம். நூறு வரி நோட்டு ஒன்று. அதில் 80 வரி உயிரோடு இருக்கிறது, 20 வரி செத்தது. இந்த நோட்டைக் காலி செய்ய 80 வரிகளைப் பெயர்த்து எழுத வேண்டும். அதன் பலன் என்ன? 20 புதிய வரிகளுக்கு இடம். அதாவது வாடிக்கையாளர்கள் கொடுத்த வேலை 20 வரி. அப்பாவின் கை எழுதியது 100 வரி. வேலை ஐந்து மடங்கு ஆகிவிட்டது. இந்த மடங்குக்கு எழுத்துப் பெருக்கம் என்று பெயர் வைக்கலாம். தொழிலில் இருப்பவர்கள் ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்பார்கள். நோட்டில் 50 வரி உயிரோடு இருந்தால் பெருக்கம் இரண்டு. 90 வரி இருந்தால் பத்து. பத்தே வரி இருந்தால் ஒன்றுக்கு மேல் ஒரு துளி. 80க்கும் 90க்கும் இடையில் பத்து வரிதான் வித்தியாசம், ஆனால் வேலை இரட்டிப்பாகிறது. எஸ்.எஸ்.டி. கிட்டத்தட்ட நிரம்பும்வரை நன்றாக ஓடிவிட்டுக் கடைசியில் திடீரென்று படுத்துக்கொள்வது ஏன் என்பதற்கு இந்த வளைவுதான் காரணம்.

இப்போது இன்னொரு கணக்கு. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலகையில் இரண்டு நோட்டு. இரண்டிலும் 50 வரி உயிர், 50 வரி சாவு. மொத்த உயிருள்ள வரிகள் நூறு. ஒரு நோட்டை மீட்க 50 வரியைப் பெயர்த்து எழுத வேண்டும். அதே பலகை, அதே நூறு பாக்கிகள், ஆனால் முதல் நோட்டில் நூறும் உயிர், இரண்டாவதில் நூறும் சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நோட்டை அப்படியே தூக்கிக் கிழித்துவிடலாம். பெயர்த்து எழுத வேண்டிய வரி பூஜ்யம். கடன் குறையவில்லை, பலகை நீளவில்லை, அப்பாவின் கை வேகமும் கூடவில்லை. வரிகள் எங்கே எழுதப்பட்டன என்பது மட்டும் மாறியது, ஞாயிறு இரவு வேலையே இல்லாமல் போனது.

என் பார்வையில் இந்தத் துறையின் முக்கால்வாசி ஞானம் இந்த இரண்டு நோட்டுக் கணக்குக்குள் அடங்கிவிடும். வேகமாக அள்ளுவதைவிட, ஒன்றாகச் சாகப்போவதை ஒன்றாக எழுதி வைப்பது பெரிய விஷயம். ஆனால் அதற்கு, எந்த வரி எப்போது சாகும் என்று எழுதும்போதே ஓர் ஊகம் வேண்டும்.

காசிமேட்டில் அந்த ஊகம் கஷ்டமே இல்லை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இப்போது ஜூன் 14 வரை 61 நாள். நான் சிறுவனாக இருந்தபோது 45 நாள். படகுக்குப் போகிறவர் வீட்டில் வருமானம் நின்றுவிடும், அடுப்பு நிற்காது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நோட்டில்தான் ஏறும். தடை முடிந்து படகுகள் போய், மீன் வந்து, பங்கு பிரித்ததும் பாக்கி அடைபடும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே இரண்டு மூன்று வாரங்களுக்குள்.

முதல் சில ஆண்டுகள் அப்பா இந்தக் கடன்களையும் மற்ற கடன்களோடு வரிசையாகவே எழுதிவந்தார். காலையில் வாங்கி மாலையில் காசு கொடுத்துவிடும் இட்லிக் கடை அம்மாவின் வரிக்குக் கீழே தடைக்கால வரி; அதற்குக் கீழே, வீடு மாறிப்போய் எப்போதாவது வந்து ஐம்பது, நூறு என்று கொடுத்துவிட்டுப் போகும் ஒரு பெரியவரின் வரி. அந்தப் பெரியவரின் கணக்கை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நோட்டு மாறும், அவர் மாறமாட்டார். ஒவ்வொரு புது நோட்டின் முதல் பக்கத்திலும் அவர் பெயர் இருக்கும். அதற்கு அடுத்த வரியிலேயே அன்றாடக் கடன்கள் தொடங்கிவிடும். அவை பத்து நாளில் செத்துவிடும், அவர் மட்டும் நடுக்கடலில் நிற்கும் கட்டைபோல நிற்பார். மறுபடி பெயர்ப்பு.

ஓர் ஏப்ரலில் அப்பா மூன்று நோட்டு போட்டார். அன்றாடத்துக்கு ஒன்று, தடைக்காலத்துக்கு ஒன்று, நெடுநாள் பாக்கிக்குத் தடித்த அட்டை போட்ட ஒன்று. ஜூன் மாதம் முடிவதற்குள் தடைக்கால நோட்டில் இரண்டே வரி மிச்சம். அந்த இரண்டையும் தடித்த நோட்டுக்கு மாற்றிவிட்டு முழு நோட்டையும் பொட்டலத்துக்குக் கொடுத்தார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுதலை.

சேமிப்பகத்தில் இதற்குச் சூடான தரவு, குளிர்ந்த தரவு என்று பிரித்துப் பேசுவார்கள். அடிக்கடி மாறுவது சூடு, மாறாமல் கிடப்பது குளிர்ச்சி. தரவுத்தளத்தின் பதிவேடு சில நிமிடங்களில் செத்துவிடும். நீங்கள் எடுத்த கல்யாண வீடியோ வருடக்கணக்கில் அசையாது. இரண்டையும் ஒரே பிளாக்கில் கலந்து எழுதினால், பதிவேடு சாகும் ஒவ்வொரு முறையும் கல்யாண வீடியோவைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பல பத்தாண்டுகளாகக் கலந்து கொட்டிய மலையைத் தோண்டி, சலித்து, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கிறார்களே, அந்த வேலையின் அளவைப் பார்த்தவர்களுக்கு, வீட்டு வாசலிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகக் கொடுங்கள் என்று மாநகராட்சி ஏன் மன்றாடுகிறது என்று தெரியும். பிரிக்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வாசலில் அது கைவேலை, கிடங்கில் அது இயந்திர வேலை.

சூடும் குளிர்ச்சியும் தெரியாத எஸ்.எஸ்.டி.கூட ஒரு சுலபமான தந்திரத்தைச் செய்யலாம். குப்பை அள்ளும்போது பெயர்த்து எழுதும் பக்கங்களை, புதிதாக வரும் எழுத்துகளோடு ஒரே பிளாக்கில் சேர்க்காமல் தனி பிளாக்கில் போடுவது. ஒருமுறை தப்பிப் பிழைத்த பக்கம் இன்னும் கொஞ்ச நாள் பிழைக்கும் என்பது நியாயமான பந்தயம். நம் பெரியவரைத் தடித்த நோட்டுக்கு அனுப்பியதுபோலத்தான்.

இனி, எந்த நோட்டை முதலில் காலி செய்வது என்ற கேள்வி. உயிருள்ள வரி மிகக் குறைவாக உள்ள நோட்டை எடு என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் பதில். பேராசை முறை என்பார்கள். தவறான பதில் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்பிளம், ஜான் ஊஸ்டர்ஹவுட் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஓட்டையைக் காட்டினார்கள். எஸ்.எஸ்.டி. வீட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பு, சுழலும் வட்டுகளுக்காக (ஹார்ட் டிஸ்க்) அவர்கள் ஒரு கோப்பு முறைமையை, அதாவது கோப்புகளை வட்டில் எங்கே எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருளை, உருவாக்கினார்கள். பழையதைத் திருத்தாமல், எல்லாவற்றையும் வரிசையாகப் புதிதாக எழுதிக்கொண்டே போவது அதன் முறை. அங்கேயும் குப்பை சேர்ந்தது, அங்கேயும் அள்ள வேண்டியிருந்தது.

அவர்கள் கண்டது இதுதான். குளிர்ந்த நோட்டில் வரிகள் மிக மெல்லச் சாகின்றன. அது 80இலிருந்து 79, 78 என்று இறங்குவதற்குள் யுகம் ஆகிறது. பேராசை முறையில் அதன் முறையே வராது. அதற்குள் சிக்கிய இருபது செத்த வரிகளின் இடம் யாருக்கும் பயனில்லாமல் முடங்கிக் கிடக்கும். அப்படி நூறு நோட்டு சேர்ந்தால் இரண்டாயிரம் வரி முடக்கம். மறுபுறம், சூடான நோட்டை இன்று அவசரமாகக் காலி செய்தால், நாளை தானாகச் சாகவிருந்த வரிகளையும் சுமந்து எழுதுகிறோம். தடை முடிவதற்கு நான்கு நாள் இருக்கும்போது தடைக்கால நோட்டைப் பெயர்த்து எழுதுகிற கடைக்காரரை என்ன சொல்வீர்கள்?

ஆகவே அவர்கள் வயதையும் கணக்கில் சேர்த்தார்கள். கிடைக்கும் காலியிடத்தை அந்த நோட்டின் வயதால் பெருக்கி, செய்ய வேண்டிய வேலையால் வகுத்து, எதற்கு அதிக மதிப்பெண்ணோ அதை முதலில் எடுப்பது. அப்படிச் செய்ததும், குளிர்ந்த பகுதிகள் 75 சதவீதம் உயிரோடு இருக்கும்போதே காலி செய்யப்பட்டன. சூடான பகுதிகள் 15 சதவீதத்துக்கு வற்றும்வரை காத்திருந்தன. முக்கால்வாசி நிரம்பியதை அள்ளுவது முதல் பார்வைக்கு முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் குளிர்ந்த நோட்டில் மீட்ட இடம் நெடுநாள் மீட்டதாகவே இருக்கும். அதற்காக ஒருமுறை கொடுக்கும் கூலி வீண்போகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் புதிய அள்ளும் முறை ஒன்றைச் சொல்ல வருகிறவர்கள் இந்தச் சூத்திரத்தோடு ஒப்பிட்டுக் காட்டாமல் தப்ப முடிவதில்லை.

எது எப்போது சாகும் என்பது மென்பொருளுக்குத் தெரியும், எஸ்.எஸ்.டி.க்குத் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் என்.வி.எம்.இ. என்ற இணைப்புத் தரத்தில் அடுத்தடுத்து வசதிகள் சேர்ந்தன. 2017இல், எழுதும் தரவோடு இது இன்ன ஓடையை, அதாவது ஒன்றாகச் சாகக்கூடிய இன்ன கூட்டத்தை, சேர்ந்தது என்று குறிப்புச் சொல்லும் வழி. 2020இல், சேமிப்பிடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பொறுப்பை முழுக்க மென்பொருளிடமே கொடுத்துவிடும் வழி. அதில் மென்பொருளை நிறைய மாற்ற வேண்டியிருந்ததால், 2022இல் கொஞ்சம் இறங்கிவந்த ஒரு வழி: எங்கே வைக்கலாம் என்று மென்பொருள் சொல்லும், சொல்லாவிட்டாலும் எஸ்.எஸ்.டி. வழக்கம்போல ஓடும். இவையெல்லாம் பெரிய தரவு மையங்களின் சமாச்சாரம். உங்கள் மடிக்கணினியில் இவற்றைத் தேட வேண்டாம்.

வீட்டிலும் கடையிலும் உதவுபவை இரண்டு: சாவுச் செய்தி சொல்வது, இடம் விட்டுவைப்பது. இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொண்ட கதை என்னிடம் இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் அப்பாவின் நண்பர் ஒருவர், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூப்பிட்டார். “தம்பி, பில் போட்டால் நகரவே மாட்டேன் என்கிறது, வாடிக்கையாளர்கள் கல்லாவில் சண்டை போடுகிறார்கள், உடனே வா” என்றார். போய்ப் பார்த்தேன். ஒரே எஸ்.எஸ்.டி.; அதுவும் கணினிக்கு வெளியே, யு.எஸ்.பி. வயரில் தொங்கும் மலிவான ஒரு பெட்டிக்குள். அதில்தான் பில் கணக்கு, அதிலேயே நான்கு கண்காணிப்பு கேமராக்களின் பதிவு. கொள்ளளவில் சொச்சம்தான் மிச்சம். கடைப்பையன் கெட்டிக்காரன், நான் வருவதற்கு முன்பே பழைய கேமரா பதிவுகளைப் பாதிக்கு மேல் அழித்துவிட்டிருந்தான். திரையில் ஏராளமான காலியிடம் தெரிந்தது. வேகம் மட்டும் திரும்பவில்லை. “பாதிக்கு மேல் காலி செய்துவிட்டேன் அண்ணா, இன்னும் என்ன கேட்கிறது இது?” என்று என்னிடம் நியாயம் கேட்டான்.

கேட்டது செய்தியைத்தான். கோப்பை அழிப்பது என்பது கணினி தன் சொந்தப் பட்டியலில் பெயரை அடிப்பது மட்டுமே. எஸ்.எஸ்.டி.க்கு அது தெரியாது. அதன் டைரியில் அந்தப் பக்கங்கள் இன்னும் உயிருள்ளவை. கடன்காரர் பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய், அம்மா அப்பாவிடம் சொல்ல மறந்ததுபோல. தீர்ந்துபோன பாக்கியையும் அப்பா புது நோட்டில் அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டிருப்பார். இந்தச் செய்தியைச் சொல்வதற்கென்றே டிரிம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸ் அதைத் தானாகவே அனுப்புகிறது, லினக்ஸும் அனுப்பும். ஆனால் இடையில் இருக்கும் பெட்டி அதைக் கடத்த வேண்டும். மலிவான யு.எஸ்.பி. பெட்டிகள் பல கடத்துவதில்லை. அங்கே நடந்தது அதுதான்.

எஸ்.எஸ்.டி.யைப் பெட்டியிலிருந்து கழற்றி, கணினிக்குள் நேரடியாக மாட்டி, டிரிம்மை ஒருமுறை ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சற்று நேரம் அதைச் சும்மா விடச் சொன்னேன். உள்ளே அது அள்ளிக்கொள்ளட்டும் என்று. தேநீர் குடித்துவிட்டு வந்தபோது பில் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கடைப்பையன் என்னை ஒரு மந்திரவாதியைப்போலப் பார்த்தான். நான் செய்ததெல்லாம் துக்கச் செய்தியைச் சொன்னது மட்டும்தான்.

சும்மா விட்டதற்கும் காரணம் உண்டு. ஒரு பக்கத்தை வாசிக்க மில்லி நொடியில் நூறில் சில பங்கு போதும். எழுத அதைவிடப் பல மடங்கு ஆகும். ஒரு பிளாக்கை அழிக்க முழு மில்லி நொடிகளே ஆகும். அழிப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதே சிப்பிடம் ஒரு வாசிப்பு வந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் நல்ல எஸ்.எஸ்.டி., கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அள்ளும். தீபாவளி நேரத்தில் காலை பத்து மணிக்கு எம்.சி. ரோட்டில் குப்பை வண்டியை நுழைத்துப் பாருங்கள், புரியும்.

அடுத்தது காலியிடம். எஸ்.எஸ்.டி. தயாரிப்பவர்களே கொஞ்சம் இடத்தை ஒளித்து வைத்துத்தான் விற்கிறார்கள். சிப்பின் கொள்ளளவை இரண்டின் அடுக்கில் எண்ணுவார்கள், அட்டைப்பெட்டியில் அச்சிடுவது பத்தின் அடுக்கில். அதனால் 256 என்று எண்ணப்படும் சிப்களில் உண்மையில் சுமார் 275 ஜிகாபைட் இருக்கும். அதை 240 என்று விற்றால் ஏறத்தாழ 35 ஜிகாபைட் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் எஸ்.எஸ்.டி.யின் கையில் இருக்கிறது. பலகையில் எப்போதும் காலியாக இருக்கும் இரண்டு நோட்டு மாதிரி. அது எதற்கு? காத்திருப்பதற்கு. அவசரம் இல்லாவிட்டால், நோட்டில் இன்னும் பல வரிகள் தானாகச் சாகும்வரை பொறுத்திருந்து அள்ளலாம். இடம் இல்லாதவர் 90 வரி உயிருள்ள நோட்டைக்கூட இன்றே கிளற வேண்டியிருக்கும். நீங்களும் ஐந்தில் ஒரு பங்கை நிரப்பாமல் விட்டுவைத்தால், டிரிம் ஒழுங்காகப் போகிறவரை, அந்த இடமும் இந்தக் காத்திருப்புக்கே போய்ச் சேரும். எழுத்து வேலை அதிகமுள்ள சர்வர்களுக்கு இதைவிடத் தாராளமாக ஒதுக்குவார்கள்.

பழைய வட்டுகளுக்குச் செய்ததுபோல எஸ்.எஸ்.டி.யை டிஃப்ராக் செய்யும் பழக்கம், அதாவது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கும் பழக்கம், இன்னும் சிலரிடம் இருக்கிறது. உதவுவதைவிட அது செய்யும் கெடுதல்தான் அதிகம். ஒரு காரணமும் இல்லாமல் எல்லா வரிகளையும் பெயர்த்து எழுதுவது அது.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். அள்ளும் வேலை ஒரே மாடியில் நடப்பதில்லை. இன்றைய தரவுத்தளங்கள் பல, எஸ்.எஸ்.டி.யைப்போலவே தாங்களும் பழையதைத் திருத்தாமல் புதிதாக எழுதிக்கொண்டே போய், பிறகு பழைய கோப்புகளைச் சேர்த்துச் சலித்துப் புதிய கோப்பாக எழுதுகின்றன. அந்த மாடியில் பெருக்கம் பத்து, கீழே எஸ்.எஸ்.டி.யில் பெருக்கம் இரண்டு என்றால் மொத்தம் பன்னிரண்டு இல்லை, இருபது. மேல்மாடிக்காரர் பெருக்கித் தள்ளியதைக் கீழ்மாடிக்காரர் மறுபடி பெருக்குகிறார். அதனால் ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. சில எஸ்.எஸ்.டி.கள் கணினி எழுதச் சொன்ன அளவு, சிப்பில் உண்மையில் எழுதப்பட்ட அளவு இரண்டையும் தம் உடல்நலக் குறிப்பில் காட்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உங்கள் பெருக்கம் தெரிந்துவிடும்.

எம்.சி. ரோட்டுக்கு வருவோம். அங்கே கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. கேமரா பதிவு வரிசையாக எழுதப்பட்டு, முப்பது நாளானதும் அதே வரிசையில் சாகும். தனியாக இருந்தால் அதைவிடச் சாதுவான தரவு கிடையாது. பிளாக் பிளாக்காக எழுதப்பட்டு பிளாக் பிளாக்காகவே சாகும். பில் கணக்கு அப்படி இல்லை. அங்கங்கே துண்டு துண்டாக நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இரண்டும் ஒரே எஸ்.எஸ்.டி.யில் பின்னிக்கிடந்ததால் கேமராவின் சாதுத்தனம் வீணாகிப்போயிருந்தது. பழைய சுழலும் வட்டு ஒன்றை வாங்கிக் கேமராவை அங்கே குடிபெயர்த்தேன்; வரிசையாக எழுதும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். எஸ்.எஸ்.டி.யில் பில் கணக்கு மட்டும் மிஞ்சியது, பாதிக்கு மேல் காலி.

கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே தம்பி, புடவை போட்டோ எல்லாம் இதிலேயே போட்டு வைக்கட்டுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி” என்றேன். “அது சும்மா கிடக்கவில்லை.”